சன்னலைத் திறந்தால் தேயிலையா?

கேமரன் மலைக்கு நீங்கள் எத்தனையோ முறை போய் வந்திருப்பீர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஸ்ட்ராபெரி வாங்கியிருப்பீர்கள்; அவித்த சோளம் தின்றிருப்பீர்கள்; தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று படமும் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அன்றிரவு தங்குவதற்கு, விளம்பரப் படத்தைப் பார்த்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்ததுண்டா? படத்தில் கண்ட வீடும் போய் இறங்கிய வீடும் ஒன்றாக இருந்தனவா?

உங்களில் பலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படி ஏமாந்து சிரித்தவன்தான். ஆனால் இந்த முறை நான் மலை ஏறியது ஓய்வெடுக்க அல்ல. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குப் படம் பிடித்துக் கொடுக்கத்தான் போனேன்.

என் சின்னம்மாவின் மகள் தானா ராத்தாவில் இருக்கிறாள். ஒருநாள் இரவு தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணே, நீங்க எத்தனையோ கல்யாணத்துக்குப் படம் பிடிச்சவங்க. நம்ம வீட்டுக்கும் நாலு படம் பிடிச்சுக் கொடுங்கண்ணே. ரெண்டு மாசமா ஒரு ஆள் வரல. பேங்க்குக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

குரல் கம்மியிருந்தது. ஈப்போவில் முப்பது ஆண்டுகளாகக் கல்யாணப் படம் பிடித்து, கடையை மூடிவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு பொழுது போக்குகிறவன் நான். தங்கை கேட்டால் மறுக்க முடியுமா? மறுநாளே புறப்பட்டேன்.

பழைய பாதையில் ஒரு பயணம்

ஈப்போவிலிருந்து போகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய் வழிதான் வசதி. அகலமான சாலை, நேரே கம்போங் ராஜாவில் கொண்டுபோய் விட்டுவிடும். இருந்தாலும் நான் தாப்பாவுக்கு வந்து பழைய பாதையைப் பிடித்தேன். சிறு வயதில் அப்பாவோடு பேருந்தில் போன பாதை அது. வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். ஆனாலும் மனத்துக்குப் பிடித்த பாதை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வழியோரத்தில் பூர்வகுடி மக்கள் மூங்கில் குடிசைகளில் பெத்தாயும் காட்டுத் தேனும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையை ஒட்டியே கொட்டுகிறது. அதைத் தாண்டிப் பேராக் முடிந்து பகாங் தொடங்குகிறது. காது அடைத்துக்கொள்ளும். சன்னல் கண்ணாடியை இறக்கினால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். ரிங்லெட், அதற்கப்பால் சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டு, பிறகு ஹாபு. தானா ராத்தாவை நெருங்கும்போது சாலைக்குக் கீழே பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரு பள்ளத்தாக்கு. 1933-ல் தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டம் அது. அங்கே வண்டியை நிறுத்தித் தேநீர் குடிக்காமல் மேலே போக எனக்கு மனம் வராது.

தானா ராத்தாவுக்கு வெளியே ஒரு சரிவில் என் தங்கையின் வீடு. கீழே அவர்கள் குடியிருக்கிறார்கள். மேல்மாடியில் இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சிறு சமையலறை. அதைத்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள்.

இந்த வீட்டின் அருமையை நீங்கள் அறிய வேண்டுமானால் என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் தேயிலைத் தோட்டத்து லயத்தில்தான். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலமும் உண்டு. கத்திரியால் வெட்டிய காலமும் உண்டு. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும். வேலை ஓய்ந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். தோட்டப்புறத்தில் பிறந்த நமக்கெல்லாம் மனப்பாடமான கணக்குத்தானே இது! சின்னம்மாவின் சேமநிதிப் பணம், மருமகன் லாரி ஓட்டிச் சேர்த்த பணம், வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்துதான் இந்த வீடு. மேல்மாடி வாடகை வந்தால்தான் மாதத் தவணை கட்ட முடியும்.

படத்தில் பார்த்தது வேறு

முதலில் பழைய விளம்பரப் படங்களைக் காட்டச் சொன்னேன். தங்கையின் மகன் கைப்பேசியை நீட்டினான். கல்லூரியில் படிக்கிற பையன், சுறுசுறுப்பானவன்.

முதல் படத்தைப் பார்த்ததும் அசந்துபோனேன். அலை அலையாகத் தேயிலை மலை, கதிரவன் எழுகிறான், மஞ்சு தவழ்கிறது. "இது எங்கேயப்பா?" என்றேன்.

"சுங்கை பலாஸ், மாமா."

"அது பிரிஞ்சாங் தாண்டி அல்லவா இருக்கிறது? இங்கிருந்து அரை மணி நேரம் ஆகுமே!"

பையன் தலையைச் சொறிந்தான். அடுத்த படத்தில் கூடம் திருமண மண்டபம்போல் விரிந்து கிடந்தது. அகன்ற கோணத்தில் எடுத்ததால் மூன்று பேர் உட்காரும் நாற்காலி ஏழு பேர் உட்காரும் அளவுக்கு நீண்டிருந்தது. சுவர்கள் இரண்டும் வெளிப்புறம் சாய்ந்து நின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வீட்டுக்கு ஏறும் படிக்கட்டு எந்தப் படத்திலும் இல்லை. நான் ஏறி வந்தபோது எண்ணியிருந்தேன்: 34 படிகள்.

விளைவு என்ன? கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கூடவே எண்பது வயதைத் தாண்டிய பாட்டி. இரவு நேரம், மழைத் தூறல், கண் தெரியாத பனிமூட்டம். பாட்டியை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிவந்திருக்கிறார்கள். காலையில் பிள்ளைகள் தேயிலை பார்க்கும் ஆசையில் ஓடிவந்து சன்னலைத் திறந்தால், எதிரே காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள்! போகும்போது அவர்கள் சண்டை போடவில்லை. விளம்பரத்தின் கீழே ஒரே ஒரு வரி எழுதினார்கள்: 'படத்தில் பார்த்தது வேறு, வந்து பார்த்தது வேறு.'

அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு மாத வறட்சி.

"நான் பொய் எதுவும் எழுதலையே மாமா. படம்தானே போட்டேன்" என்றான் பையன்.

வாசகர்களே, அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்தில் பொய் சொல்லக் கூசுகிற நாம் படத்தில் சொல்லக் கூசுவதில்லை. ஆனால் வாடகைக்கு வருகிறவர் வீட்டை நேரில் பார்க்காமலேயே பணம் கட்டுகிறார். அவருக்குக் கண்ணும் நாமே, காலும் நாமே. நாம் எடுக்கும் படம் அவருக்குக் கொடுக்கும் வாக்கு அல்லவா?

மலையை விற்ற கதை

யோசித்துப் பார்த்தால் இந்த மலையே வருணனையால் பேர் பெற்ற மலைதான். 1885-ல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்தார். மலைகளுக்கு நடுவே சரிவு குறைந்த ஒரு பீடபூமியைக் கண்டதாக எழுதிவைத்தார். ஆனால் அது எந்த இடம் என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்காமல் விட்டார் என்று சொல்லுவார்கள். அந்தக் குறிப்பை நம்பி இங்கே ஒரு மலைவாசத்தலம் அமைக்கலாம் என்ற எண்ணம் உறுதிப்பட, 1925-ல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறி வந்து பார்க்க வேண்டியிருந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன!

1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னோடு சேர்ந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். ஆட்களின் கைவேலை, சில கோவேறு கழுதைகள், ஒரேயொரு நீராவி உருளை இயந்திரம். இவற்றைக் கொண்டே காட்டை அழித்தார்கள் என்று அந்தத் தோட்டத்தின் வரலாறு கூறுகிறது. தாப்பாவிலிருந்து சாலை 1931-ல் வந்து சேர்ந்தது. சமவெளியின் வெக்கை தாங்காத வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓய்வுக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் பங்களாக்கள் எழுந்தன. பெயர் 'போ' என்றாலும், அந்தத் தோட்டம் இன்று உலகத்தையே 'வா வா' என்றல்லவா அழைத்துக்கொண்டிருக்கிறது!

துரைமார்கள் போய்ப் பயணிகள் வந்தார்கள். நம் நாட்டில் 'ஹோம்ஸ்டே' என்ற சொல் அரசாங்கத் திட்டமாக 1995-ல் இதே பகாங் மாநிலத்தில், தெமர்லோ பக்கத்து டேசா முர்னியில் தொடங்கியது. விருந்தினர் ஒரு குடும்பத்தோடு குடும்பமாகத் தங்கி, அவர்கள் உண்பதை உண்டு போவது என்பதுதான் அதன் கருத்து. இப்போதோ நாள் வாடகைக்கு விடும் எந்த வீட்டையும் மக்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

படத்தின் பலத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஏர்பிஎன்பி என்ற நிறுவனம் 2008-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலும் வியாபாரம் தள்ளாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்கள் அனுப்பிய படங்கள் இருட்டாகவும் மங்கலாகவும் இருப்பதைக் கவனித்த அதன் நிறுவனர்கள், தாங்களே நியூயார்க் சென்று, வாடகைக்கு எடுத்த கேமராவோடு வீடு வீடாகப் போய்ப் படம் பிடித்தார்கள். வார வருமானம் 200 டாலரிலிருந்து 400 டாலராக இரட்டித்தது என்று அவர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். வீட்டை மாற்றவில்லை, வாடகையையும் குறைக்கவில்லை. இருந்ததைத் தெளிவாகக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

துடைப்பம்தான் முதல் கேமரா

மறுநாள் காலை பசியாறியதும் வேலையைத் தொடங்கினோம். பையன் கைப்பேசியை எடுத்தான். நான் துடைப்பத்தை எடுத்தேன்.

கல்யாணப் பெண்ணை அலங்கரித்த பிறகுதானே மணவறைக்கு அழைத்து வருவார்கள்? வீடும் அப்படித்தான். குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்த பிளாஸ்டிக் பைகள், கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டைகள், குளியலறையில் வரிசைகட்டிய வாளிகள் எல்லாம் கீழே போயின. மலைக்குளிரில் சுவரின் மூலையில் பூஞ்சணம் பூத்திருந்தது. "அதை மறைச்சு நாற்காலியைப் போட்டுடலாமா அண்ணே?" என்றாள் தங்கை. "வேண்டாம், துடைத்துவிட்டுச் சாயம் பூசு. படத்தில் மறைத்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும்" என்றேன். அன்று பாதி நாள் அதற்கே போய்விட்டது.

பிறகுதான் படம். உங்களில் யாராவது ஒரு வீட்டையோ, ஓர் அறையையோ வாடகைக்கு விடுவதாக இருந்தால், இந்தச் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியின் லென்ஸை முதலில் மெல்லிய துணியால் துடையுங்கள். குளிர்ந்த வெளிப்புறத்திலிருந்து சோறு கொதிக்கும் சமையலறைக்குள் நுழைந்தால் லென்ஸுக்கும் வேர்க்கும். ஐந்து நிமிடம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அறையின் வாசலிலோ ஒரு மூலையிலோ நின்றுகொள்ளுங்கள். கைப்பேசியைப் படுக்கைவாட்டில், நெஞ்சு உயரத்துக்குப் பிடியுங்கள். மேலே தூக்கி எடுத்தால் கட்டில் சிறுத்துப்போகும். கீழே தாழ்த்தினால் கூரைதான் தெரியும். கதவு நிலையும் சுவர் ஓரமும் படத்தில் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நேராக நிற்காவிட்டால் பார்க்கிறவர் தலை சுற்றும். கை நடுங்குகிறதா? மேசை மேல் ஒரு பால்மாவு டின்னை வைத்து அதன்மேல் சாய்த்து எடுங்கள். நான் அப்படித்தான் எடுத்தேன்.

மிக அகன்ற கோணத்தை விட்டுவிடுங்கள். அறை சிறியதென்றால் சிறியதாகவே தெரியட்டும். அறை பெரிதாகத் தெரிய இரண்டு படம் எடுக்கலாம். ஒரே படத்தை இழுத்து நீட்டக் கூடாது.

பிளாஷ் வேண்டவே வேண்டாம். மஞ்சள் விளக்கும் பகல் வெளிச்சமும் கலந்தால் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். பகலில் விளக்கை அணைத்துவிட்டுத் திரைச்சீலையை விலக்குங்கள்.

பனிமூட்டம் கட்டிய வெள்ளைத் துணி

நண்பகல் தாண்டியதும் மலையில் மூட்டம் இறங்கியது. கேமரன் மலையின் பழக்கம் அதுதானே? காலையில் தெளிந்திருக்கும், பிற்பகலில் மூடிக்கொண்டு தூறும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

"போச்சு மாமா, வெளிச்சம் போயிடுச்சு" என்று பையன் கைப்பேசியைப் பைக்குள் போட்டான்.

"இப்போதுதான் வந்திருக்கிறது" என்றேன்.

வெயில் நேரத்தில் அறைக்குள் நின்று சன்னலைப் பார்த்து எடுத்தால் சன்னல் வெள்ளையாக எரிந்துபோகும், அறை இருண்டுபோகும். கேமரா பாவம், இரண்டையும் ஒருசேரப் பார்க்க அதற்கு முடிவதில்லை. மூட்டம் இறங்கியதும் வெளியே கூச்சம் தணிகிறது. உள்ளும் வெளியும் நெருங்கி வருகின்றன. கல்யாண வீட்டில் நாங்கள் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை வடிகட்டுவோம். இங்கே அந்தத் துணியை மலையே கட்டித் தருகிறது; கூலியும் கேட்பதில்லை!

அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு அறையையும், கூடத்தையும், சமையலறையையும் முடித்தோம். கட்டிலின் மேல் கனத்த கம்பளிகளை மடித்து வைத்து ஒரு படம். குளியலறையில் சுடுநீர்க் கருவி தெரியும்படி ஒரு படம். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு மலையில் முதல் கேள்வி 'சுடுதண்ணி இருக்கா?' என்பதுதானே!

வீட்டின் முகப்பை மட்டும் மறுநாள் காலைக்கு ஒதுக்கினேன். அது கிழக்குப் பார்த்த வாசல். காலை வெயில் படும்போதுதான் அதன் முகம் மலரும். உங்கள் வீடு மேற்குப் பார்த்ததென்றால், மாலையில் மூட்டம் விலகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். தங்கையின் முகம் வாடிவிட்டது. ஒன்று, கீழேயிருந்து மேலே பார்த்து அந்த 34 படிகள். மற்றொன்று, சன்னலில் தெரியும் காட்சி: கீழே பிளாஸ்டிக் கூரைகள், அதற்குமேல் காட்டு மலை, வலது ஓரத்தில் துண்டு நிலம்போல் கொஞ்சம் தேயிலை.

"இதைப் போட்டா யாருண்ணே வருவாங்க?"

"படி ஏற முடிந்தவர்கள் வருவார்கள். முடியாதவர்கள் வரமாட்டார்கள். கிள்ளான் பாட்டி மாதிரி இன்னொரு பாட்டி நாற்காலியில் தொங்கிக்கொண்டு வர வேண்டுமா?" என்றேன்.

"சன்னல்ல தெரியிற பிளாஸ்டிக்கைக் கைப்பேசியிலயே அழிச்சிடலாம் மாமா. அந்த இடத்துல தேயிலையே போட்டுடலாம். ரெண்டு நிமிஷ வேலை" என்றான் பையன்.

உண்மைதான். இன்றைக்கு வானத்தையே மாற்றித் தருகிறது கைப்பேசி. இருண்ட படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம், சாய்ந்த சுவரை நிமிர்த்தலாம். இல்லாததைக் கொண்டுவந்து வைப்பதும் இருப்பதை அழிப்பதும் வேறு. அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் நாம் வாங்கித் தின்னும் கீரையும் தக்காளியும் விளைகின்றன. அதையும் கேமரன் மலை என்றுதான் சொல்ல வேண்டும். பையன் முணுமுணுத்துக்கொண்டே அழிக்காமல் விட்டான்.

கூடை வேண்டாம்

மறுநாள் விடியற்காலையில் சுங்கை பலாஸுக்குப் புறப்பட்டோம். தேயிலைப் படம் விளம்பரத்தில் இருக்கட்டும், கடைசியில் இருக்கட்டும், 'வீட்டிலிருந்து காரில் அரை மணி' என்று எழுதிப் போடுவோம் என்பது எங்கள் உடன்படிக்கை. சின்னம்மாவும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

ஒற்றை வண்டி போகக்கூடிய குறுகிய சாலை. வளைவு திரும்பியதும் மலை முழுதும் பச்சை. வெயில் சாய்வாக விழும் அந்த வேளையில்தான் தேயிலை வரிசைகளின் நிழல் கோடு கோடாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே மலை தட்டையாகிவிடும். இளங்கொழுந்துக்குப் பின்னால் கதிரவன் இருக்கும்படி நின்று பாருங்கள். இலை விளக்கேற்றியதுபோல் இருக்கும்.

தூரத்துச் சரிவில் இரண்டு பேர் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வங்காளதேசம், நேப்பாளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த பிள்ளைகள் இன்று இந்த மலைகளில் உழைக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் நாலைந்து பேர் சாலையோரம் நின்று அவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

சின்னம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி, என்னையும் இப்படித்தான் எத்தனையோ பேர் புடிச்சாங்க. வெள்ளக்காரன், சப்பான்காரன், நம்ம ஊர்க்காரங்க. கூடையைத் திருப்பு, சிரி, கையத் தூக்குன்னு சொல்லுவாங்க. நானும் சிரிச்சேன். ஒருத்தன்கூட அந்தப் படத்தை எனக்குக் கொண்டாந்து காட்டுனதில்ல. எம் மூஞ்சி எந்த ஊர்ல எந்தச் சுவத்துல தொங்குதோ!"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டு படம் பிடித்தவன் நான். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் எத்தனை பேர் என் படத்தின் ஓரத்தில் நின்றிருப்பார்கள்! அவர்களில் யாருக்காவது ஒரு பிரதி கொடுத்திருப்பேனா?

பையனுக்கு அதே நேரத்தில் வேறொரு யோசனை உதித்தது. "பாட்டி, பழைய கூடை வீட்டுலதானே இருக்கு? நாளைக்கு அதை மாட்டிக்கிட்டு இங்க நில்லுங்க. வெளிநாட்டுக்காரங்க அதைப் பார்த்தே வருவாங்க!"

சின்னம்மா கோபிக்கவில்லை. பேரனின் தோளைத் தட்டினார்.

"கூடை வேணாம்டா கண்ணு. கூடை மாட்டுன காலத்துல நான் குடியிருந்தது அவங்க வீடு. இப்ப நான் வீட்டுக்காரி. புடிக்கிறதா இருந்தா நம்ம வாசல்ல வெச்சுப் புடி."

வீட்டுக்குத் திரும்பியபோது வெயில் இன்னும் வாசலில் இருந்தது. சின்னம்மா உள்ளே போய் முகம் கழுவி, பொங்கலுக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். மேல்மாடிச் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 34 படிகளுக்கும் மேலே, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாரும் அவரைச் சிரிக்கச் சொல்லவில்லை. பையன்தான் எடுத்தான். நான் பக்கத்தில் நின்று வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"இதை விளம்பரத்துல போடலாமா பாட்டி?" என்று கேட்டான் பையன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்தான்.

"போடு. வர்றவங்களுக்கு யார் வீட்டுக்கு வர்றோம்னு தெரியணும்ல?" என்றார் சின்னம்மா.

அந்தப் படம்தான் இப்போது விளம்பரத்தில் முதல் படம். அடுத்து கூடம், அறைகள், சமையலறை, குளியலறை, படிக்கட்டு, சன்னல் காட்சி. கடைசியில் சுங்கை பலாஸ், தூரத்தைக் குறித்து. மொத்தம் 12 படங்கள்.

வீடு நிரம்பி வழிகிறது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. படங்களைப் போட்ட முதல் வாரம் ஒருவர் அழைத்து, "அம்மாவுக்கு முட்டி வலி, இத்தனை படி ஏற முடியாதுங்க" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டார். தங்கை என்மேல் சற்று வருத்தப்பட்டாள். அடுத்த வாரம் சிரம்பானிலிருந்து ஓர் ஆசிரியர் குடும்பம் வந்து இரண்டு இரவு தங்கியது. போகும்போது பிள்ளைகள் சின்னம்மாவைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். 'படத்தில் உள்ளபடியே இருந்தது. பாட்டி கொடுத்த இஞ்சித் தேநீர் மட்டும் படத்தில் இல்லை' என்று விளம்பரத்தின் கீழே எழுதினார்களாம். அந்த மாதத் தவணை கட்டியாகிவிட்டது. அடுத்த மாதத்தை அடுத்த மாதம் பார்க்க வேண்டும்.

ஈப்போவுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, சின்னம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டு அனுப்பியதுதான். கூடத்தில் மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகத் தங்கை சொன்னாள்.

வாசகர்களே, அடுத்த விடுமுறைக்குக் கேமரன் மலை போனால் தேயிலைக்கு நடுவே நின்று தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வேலை செய்கிறவரை எடுக்க ஆசைப்பட்டால், ஒரு வார்த்தை கேளுங்கள்; எடுத்த படத்தை அவருக்குக் காட்டிவிட்டு வாருங்கள். தானா ராத்தாவில் தங்க நேர்ந்து, வாசலில் சாவியோடு ஒரு பாட்டி நிற்கும் படம் கண்ணில் பட்டால், அது எங்கள் சின்னம்மாவாக இருக்கலாம். வீட்டில் சுடுதண்ணீர் உண்டு, கம்பளி உண்டு. சன்னலைத் திறந்தால் வலது ஓரத்தில் கொஞ்சம் தேயிலையும் உண்டு. படிகள் மட்டும் 34. யோசித்து வாருங்கள்.